ஸ்மார்ட் மீட்டர் வந்தா கரண்ட் பில் எகிறுமா?

இந்த எபிசோட் எங்க அத்தையோட ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்குது. 2023-ல் தி.நகர்ல அவங்க வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் மாட்டினாங்க. அடுத்த பில் வந்ததும் போன்: "டேய், இந்த மீட்டர் ஓடலடா, பறக்குது!"

எவ்வளவு யூனிட்னு கேட்டேன். வழக்கமா 480, இப்போ 530. ஐம்பது யூனிட்தான் கூட. ஆனா பணம்? அப்போதைய கட்டணப்படி 480-க்கு 1,605 ரூபாய், 530-க்கு 2,190. ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்ங்கறது ஒரு கோடு. அப்போ அதைத் தாண்டினதும் 101-லிருந்து 200 வரைக்கும் கிடைச்ச மானியம் போயிடுச்சு, அதுவே 225 ரூபாய். மேல போன ஒவ்வொரு யூனிட்டும் அப்போ 8 ரூபாய். அதாவது பில் எகிறினதுல கிட்டத்தட்ட பாதி ஸ்லாப் பண்ண வேலை.

சரி, அந்த ஐம்பது யூனிட் எங்கிருந்து வந்துச்சு? ஞாயித்துக்கிழமை நேர்ல போய், ஃபிரிட்ஜ் உட்பட வீட்டுல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மீட்டர் முன்னாடி நின்னோம். மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டும், பார்த்திருப்பீங்க. அத்தை வீட்டு மீட்டர்ல 3200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட். எல்லாம் ஆஃப்ல இருந்தா அது சிமிட்டவே கூடாது. ஆனா சிமிட்டுச்சு, கிட்டத்தட்ட அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை. கணக்குப் போட்டா சுமார் 40 வாட். ஒரு டியூப்லைட்!

மாடிப்படி லைட்தாங்க அது. ராத்திரி பகல்னு எரியுற பொது லைட். மீட்டர் மாத்தினப்போ அதோட ஒயர் அத்தை லைனோட சேர்ந்திருக்கு. 40 வாட் 24 மணி நேரமும் எரிஞ்சா 60 நாளைக்கு கிட்டத்தட்ட 58 யூனிட். மீட்டர் சரியாத்தான் எண்ணுச்சு, எண்ணின பொருள்தான் அத்தையோடது இல்ல. எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்துல பிரிச்சுக் கொடுத்தார். கட்டின பணத்துக்கு மட்டும் அத்தை இன்னும் அசோசியேஷன்கிட்ட சண்டை போட்டுட்டிருக்காங்க.

அதனால மாட்ட வர்றவங்ககிட்ட நான் கேட்கச் சொல்றது ஒண்ணுதான்: பழைய மீட்டரோட கடைசி ரீடிங்கை போட்டோ எடுத்துக்கோங்க, அவங்க கிளம்புறதுக்குள்ள இந்த சிமிட்டல் டெஸ்ட்டைப் பண்ணிடுங்க. அதுக்கப்புறமும் சந்தேகமா? 2024-ல் திருத்தின மத்திய அரசு விதிப்படி, ரீடிங் பத்தி புகார் கொடுத்தா 5 நாளைக்குள்ள கூடுதலா ஒரு மீட்டர் வைக்கணும், குறைஞ்சது 3 மாசம் ரெண்டையும் ஒப்பிடணும். எழுத்துல புகார் கொடுங்க, நம்பர் வாங்கிக்கோங்க.

ரேடியேஷன் பயம் பத்தியும் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பாக்கெட்ல செல்போனை வச்சுக்கிட்டு, சுவத்துல இருக்கிற மீட்டர் அப்பப்போ கொஞ்ச நேரம் டேட்டா அனுப்புறதுக்குப் பயப்பட வேண்டாம்.

அந்த டேட்டா என்னங்கறதுதான் எனக்கு நிஜமான கவலை. கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை பதிவாகுற கணக்கைப் பார்த்தா நீங்க எப்போ எழுந்திருக்கீங்க, எப்போ வீடு பூட்டியிருக்குன்னு ஊகிக்கலாம். ப்ரீபெய்டா இருந்தா, பேலன்ஸ் தீர்ந்ததும் ஆள் வராமலே கனெக்‌ஷனைத் துண்டிக்க முடியும். பீகார்ல நிறைய வீடுகளுக்கு ப்ரீபெய்டு மீட்டர் மாட்டியிருக்காங்க. ஆக்ஸிஜன் மெஷின் ஓடுற வீட்டுல இது சின்ன விஷயம் இல்ல.

நேரத்துக்கு ஏத்த கட்டணமும் இருக்கு. 2023-ல் வந்த மத்திய விதி, வெயில் நேரத்துல குறைஞ்சது 20 சதவீதம் கம்மி, பீக் நேரத்துல குறைஞ்சது 10 சதவீதம் கூடன்னு சொல்லுது. மாநில ஆணையம்தான் கட்டணத்தை நிர்ணயிக்கும். காலைல ஆபீஸ் போய் ராத்திரி ஏசி போடுற நமக்கு இது லாபமா? எனக்கு அப்படித் தோணல. மதியம் வாஷிங் மெஷின் போடுற அத்தைக்கு வேணா லாபம்.

அவங்க இப்போ தினம் ராத்திரி மீட்டரை எட்டிப் பார்த்துட்டுத்தான் தூங்கப் போறாங்களாம். உங்க வீட்டுல டெஸ்ட் பண்ணிட்டு எத்தனை தடவை சிமிட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க.