உங்களுக்குத் தெரியுமா? இறுக்க இறுக்கக் கசியும் டேப்பட் கவர்

பழைய அம்பாசடரின் டேப்பட் கவரில் ஆயில் கசிந்தால், நட்டை இன்னும் முறுக்கத்தான் பலருக்கும் தோன்றும். அந்த முறுக்கலே கசிவை வளர்க்கிறது. இந்தக் காரின் 1,489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜினில் டேப்பட் கவர் எனும் மெல்லிய தகட்டு மூடியைப் பிடித்திருப்பவை நடுக்கோட்டில் உள்ள இரண்டே நட்டுகள். அடியில் கார்க் பேக்கிங். மூடிக்குள் ஆயில் தெறித்து வழியுமே தவிர, பிரஷரோடு முட்டாது. ஆகவே மிதமான இறுக்கமே போதும். மீறினால் கார்க் நசுங்கிப் பிளக்கும், தகடு நெளியும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது ஆயில் பின்பக்கம் சாயும். சமதளத்தில் தெரியாத குறை அங்கே வெளிப்படும்.

சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசினால் தீர்ந்தது என்பார்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்தால் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கக்கூடும். பழைய வண்டி கசியத்தானே செய்யும் என்பதும் சரியல்ல; சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டும் ஆயில் புகையும், தீயும் பிடிக்கலாம். பழைய கார்க்கைச் சுத்தமாகச் சுரண்டி, மூடியைத் தட்டையான கண்ணாடியில் கவிழ்த்து நெளிவு பார்த்துத் தட்டி நேராக்க வேண்டும். புதுக் கார்க்கை மூடிப் பக்கம் மட்டும் ஒட்டி, நட்டடி ரப்பர் வாஷர்களையும் மாற்றி, இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறுகச் சிறுக முறுக்க வேண்டும். ப்ரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல பேக்கிங்கும் கசியும், அதையும் பாருங்கள். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை இன்னும் பல்லாண்டு ஓட வைப்பது கைபலமல்ல, இந்தப் பொறுமைதான்.