நடப்பவருக்கு ஒரு ஜோடி காலுறை

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரின் கால்களைக் கவனித்தால், செருப்பு அணிவதில்லை என்று விரதம் பூண்டவர்களிலும் பலர் காலுறை மாட்டிக்கொண்டு நடப்பதைக் காணலாம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக வரும் நகரத்தார் காவடியும், மதுரைச் சாலையில் திரண்டு வரும் கூட்டமும் திண்டுக்கல்லை வந்தடைந்து, அங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நடந்து பழனியை அடைகின்றன. விடியற்காலையில் பனி இறங்கிக் குளிர்ந்து கிடக்கும் தார்ச்சாலை, முற்பகல் கழிவதற்குள் பாதம் பொறுக்காத அளவுக்குச் சுட்டுவிடுகிறது. சரளைக் கற்களோ எந்நேரமும் உறுத்துகின்றன. செருப்பும் அல்லாத, வெறுங்காலும் அல்லாத காலுறை, விரதத்துக்கும் பாதத்துக்கும் இடையே நடப்பவர்கள் தாமே கண்டுகொண்ட சமரசம் ஆகும்.

அவ்வாறு அணியப்படும் காலுறைகள் பெரும்பாலும் இயந்திரத்தில் பின்னப்பட்டவை. பல கால்களுக்கும் பொதுவாக ஓர் அளவில் வருபவை. விரல் நுனியில் அவற்றை மூடித் தைத்த இடம் ஒரு சிறு தடிப்பாக நிற்கும். பத்து நிமிடம் நடப்பவருக்கு அது ஒரு பொருட்டில்லை. நாள் முழுவதும் நடப்பவருக்கு அந்தத் தடிப்பும், அளவு பொருந்தாமல் பாதத்தின் அடியில் விழும் மடிப்பும், ஊறிய வியர்வையும் சேர்ந்து தோலை உராய்ந்து கொப்புளத்தை உண்டாக்குகின்றன. பாதயாத்திரைக்குப் புறப்படும் ஒருவருக்கு, அவருடைய பாதத்தை அளந்து, மடிப்போ தையல் தடிப்போ இல்லாமல் கையால் பின்னிய ஒரு ஜோடி காலுறையைப் பரிசளிப்பது எவ்வளவு பொருத்தமான செயல் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

கைப்பின்னல் என்றால் என்ன என்பதைச் சின்னாளபட்டியின் தறிகளை அறிந்த திண்டுக்கல் மாவட்டத்தாருக்கு நெசவோடு ஒப்பிட்டு விளக்குவது எளிது. நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் குறுக்கே ஊடை நூல் புகுந்து துணியாகிறது. இரண்டு நூல்களும் ஏறக்குறைய நேராகவே கிடப்பதால் அத்துணி பெரிதாக இழுபடுவதில்லை. பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளைந்து ஒரு கண்ணியாகி, அந்தக் கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணி இழுக்கப்பட்டு, வரிசை மேல் வரிசையாக வளர்கிறது. கண்ணி வளைவாக இருப்பதால் இழுத்தால் நீண்டு, விட்டால் பெருமளவு தன் நிலைக்குத் திரும்பும். குதிகால், கணுக்கால், விரல் என்று மேடும் பள்ளமுமாக உள்ள பாதத்தைத் தழுவி நிற்கக்கூடிய துணி அதனால்தான் பின்னலிலிருந்து பிறக்கிறது. திருப்பூரில் பனியன் துணி ஓட்டுவோர் சிங்கிள் ஜெர்சி என்றும் ரிப் என்றும் அன்றாடம் சொல்லும் இருவகைத் துணிகளையே, கையால் பின்னுபவர் நிட், பர்ல் என்ற இரண்டு அசைவுகளால் உருவாக்குகிறார். கண்ணியை முன்புறமாக இழுப்பது நிட். அதையே மறுபுறமாகத் தள்ளுவது பர்ல். இவ்விரண்டுக்கு மேல் கற்க வேண்டிய அடிப்படை அசைவு வேறில்லை என்பது, ஊசியைப் பார்த்து அஞ்சுவோர் முதலில் அறிய வேண்டிய செய்தி.

காலுறையின் வரலாறு நெடியது. எகிப்தில் கிடைத்து இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள கம்பளிக் காலுறைகள், கி.பி. 3 முதல் 5-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. செருப்பின் வார் நுழைவதற்காகக் கட்டைவிரல் தனியே பிரிக்கப்பட்டவை. அவை ஒற்றை ஊசியால் முடைந்த, பின்னலுக்கு முந்திய முறையில் அமைந்தவை. அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னர், அதே எகிப்தில் நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் உண்மையான பின்னல் காலுறைகள் தோன்றின. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கியதே பின்னல் இயந்திரங்களின் தொடக்கம். இன்றைய பின்னலாடைத் தொழில் முழுவதும் காலுறைக்குக் கடன்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

திண்டுக்கல்லைப் பொறுத்தவரை நூலுக்குப் பஞ்சமில்லை. வேடசந்தூர் வட்டாரத்தில் சாலையின் இருமருங்கும் நூற்பாலைகள் நிற்கின்றன. அங்கு நூலின் பருமனைக் கவுண்ட் அல்லது நம்பர் என்ற அளவால் குறிப்பர்; 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ, அதுவே அந்த நூலின் நம்பர். எண் கூடக் கூட நூல் மெலியும். 10-ஆம் நம்பர் நூல் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். காலுறை பின்னுவதற்கு வேண்டிய நூலோ கிராமுக்கு 4 மீட்டர் அளவில் ஓடக்கூடிய பருமன் உடையது. எனவே 10-ஆம் நம்பர் நூல் நான்கு இழைகளை ஒன்றாக முறுக்கினால் கைப்பின்னலுக்கு ஏற்ற பருத்தி நூல் கிடைத்துவிடுகிறது. பெரியவர் ஒருவரின் ஒரு ஜோடிக்கு அது 100 கிராம் போதும்.

ஆயினும் பருத்தியின் குறையை மறைக்கக் கூடாது. அது வியர்வையை உறிஞ்சுவது போல எளிதில் விடுவதில்லை. கம்பளியைப் போல் இழுத்தபின் சுருங்கித் தன் வடிவத்துக்கு மீளும் இயல்பும் அதற்குக் குறைவு. காலணிக்குள் அடைபட்டால் ஈரப் பருத்தி தீங்கே செய்யும். காலணி இல்லாமல் நடப்பவருக்குக் காற்றோட்டம் உண்டு என்றாலும், மாற்றிக்கொள்ள இரண்டாவது ஜோடி ஒன்று பையில் இருப்பது நல்லது. கம்பளியை நாடுவோருக்கு அதன் உறவும் இம்மாவட்டத்திலேயே உண்டு: கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் 1965 முதல் இயங்கி வருகிறது, மென்கம்பளி தரும் பாரத் மெரினோ ஆடுகள் அங்கு வளர்க்கப்படுகின்றன. கடைகளில் காலுறைக்கென்று விற்கப்படும் நூலில் முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்திருப்பது வழக்கம். அந்த நைலான், குதிகாலும் விரல்நுனியும் விரைவில் தேயாமல் காக்கிறது. தார்ச்சாலையில் நேரடியாக உரசப் போகும் காலுறைக்கு அது அவசியம் என்றே கொள்ள வேண்டும்.

பின்னல் தொடங்குவதற்கு முன் பாதத்தை அளக்க வேண்டும். விரல்களின் அடிப்பகுதியைச் சுற்றி 23 சென்டிமீட்டர், அதாவது 9 அங்குலம் உள்ள பாதத்தை எடுத்துக்கொண்டால், 2.5 மில்லிமீட்டர் ஊசியில் அங்குலத்துக்கு 8 கண்ணி வீதம் 72 கண்ணிகள் வரும். காலுறை பாதத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் இழுபட்டுப் பிடித்து நிற்கும் என்பதால், அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைத்து 64 கண்ணிகளை ஊசியில் ஏற்றுகின்றனர். இரு முனையும் கூரான ஊசிகள் நான்கில் கண்ணிகள் பங்கிடப்பட்டு நிற்க, ஐந்தாவது ஊசி சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகும். அதனால் காலுறை மூட்டுத் தையல் இல்லாத ஒரு குழாயாக வளர்கிறது. வாய்ப்பகுதியில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னுவதே ரிப். ரப்பர் இல்லாமலே கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் ஆற்றலை அது தருகிறது.

இக்கலையின் உயிர் குதிகாலில் இருக்கிறது. நேராக இறங்கும் ஒரு குழாய் அங்கே திசை மாறி முன்னோக்கித் திரும்ப வேண்டும். வெட்டாமலும் தைக்காமலும் அது திரும்புவதைக் கையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு முதன்முறை வியப்பு அடங்குவதில்லை. 64-இல் பாதியாகிய 32 கண்ணிகளைச் சும்மா நிறுத்திவிட்டு, மீதி 32-ஐ மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசைகள் பின்னுகின்றனர். முன்புற வரிசைகளில் ஒரு கண்ணியைப் பின்னி, அடுத்ததைப் பின்னாமலே ஊசி மாற்றிக்கொண்டு போவதால் உட்புறம் நூல் படிந்து துணி தடிக்கிறது. தேய்மானம் மிகுந்த இடத்துக்கு வேண்டிய கனம் இப்படித்தான் வருகிறது. பின்னர், வரிசையை முழுமையாக முடிக்காமல், நடுவைச் சற்றுக் கடந்ததும் இரு கண்ணிகளை ஒன்றாக்கிப் பாதியிலேயே திரும்புகின்றனர். திரும்பி வரும் வரிசையிலும் அவ்வாறே செய்கின்றனர். ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி தூரம் கூடுதலாகப் போய்ப் போய்த் திரும்ப, 32 கண்ணிகள் 18 ஆகக் குறுகும்போது துணி உள்ளங்கையில் ஏந்தத்தக்க சிறு கிண்ணமாகக் குழிந்திருக்கும். அந்தக் கிண்ணத்தில்தான் குதிகால் உட்காரும். தடித்த பகுதியின் இரு ஓரங்களிலிருந்தும் பக்கத்துக்கு 16 புதிய கண்ணிகளை எடுத்து, நிறுத்தி வைத்த 32-ஐயும் சேர்த்தால் 82 ஆகிறது; அதை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இரண்டிரண்டாகக் குறைத்து மீண்டும் 64-க்குக் கொண்டுவர, பாதமேட்டுக்கு ஏற்ற சரிவு தானே அமைந்துவிடுகிறது.

பாதத்தின் நீளத்துக்கு 5 சென்டிமீட்டர் குறைவாக வந்ததும் விரல்பகுதி தொடங்கும். கண்ணிகளைப் படிப்படியாகக் குறைத்து மேலே 8, கீழே 8 என்று நிற்கும்போது, நூலைத் துண்டித்து, தையல் ஊசியில் கோத்து, ஒரு பின்னல் வரிசையைப் போலவே கண்ணிக்குக் கண்ணி இணைக்கின்றனர். எந்த இடத்தில் மூடப்பட்டது என்று விரலால் தடவிக் காண முடியாத இம்முறைக்குக் கிச்சனர் தையல் என்று பெயர். 1902 முதல் 1909 வரை இந்தியாவின் தலைமைப் படைத்தளபதியாக இருந்து, முதல் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டனின் போர் அமைச்சரான கிச்சனர் பிரபுவின் பெயரால் அது வழங்குகிறது. அப்போரில் பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் நின்ற வீரர்களின் விரல்களை உறுத்தாத காலுறைகளுக்காகப் பெண்கள் வீடுவீடாகப் பின்னினார்கள். நடப்பவரின் விரலைத் தடிப்பில்லாமல் காக்கும் அதே தையல், பழனிச் சாலைக்கும் பொருந்தும்.

ஒரு காலுறையில் சுமார் 10,000 கண்ணிகள், ஜோடிக்கு 20,000. நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னும் கைக்கு அது ஏறக்குறைய 17 மணி நேர வேலை. கடையில் சிறு தொகைக்குக் கிடைக்கும் பொருளுக்கு இத்தனை நேரமா என்று கேட்பது இயல்பே. ஆனால் பரிசின் மதிப்பைக் கடை விலையால் அளப்பது தவறான கணக்கு. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு, காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் பின்னப்பட்ட ஒரு பருத்தி லேஸ் துணி இந்தியாவிலிருந்து சென்றது. நடுவில் ஜெய் ஹிந்த் என்ற சொற்கள் அமைந்த அத்துணி இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் பாதுகாக்கப்படுகிறது. அதே ஆண்டில்தான் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். கையால் நூற்ற நூலையே மாலையாக இட்டு விருந்தினரைச் சிறப்பிக்கும் காந்திய மரபை அறிந்த மண்ணுக்கு, கையுழைப்பே பரிசாகும் என்பதை எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளியின் தையல் வகுப்பில் ஊசிப்பின்னல் கற்ற அம்மாக்களும் பாட்டிகளும் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பெட்டியில் கிடக்கும் அவர்களுடைய ஊசிகள் வெளியே வர வேண்டும். அவர்களிடமிருந்து பேரப்பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பின்ன நினைப்பவர்கள் ஐப்பசியில் நூல் வாங்கிக் கார்த்திகையில் தொடங்கிவிடுவது நல்லது. பாதத்தை மாலை நேரத்தில் அளக்க வேண்டும்; பகலெல்லாம் நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், சாலையில் இருக்கப்போவதும் அந்த அளவே. முதல் காலுறையின் சுற்றுகளை எண்ணி எழுதி வைத்துக்கொண்டால் இரண்டாவது அதற்கு இணையாக வரும். புறப்படும் நாளன்று கையில் கொடுக்காமல் பத்து நாட்களுக்கு முன்பே கொடுத்து, இருமுறை துவைத்து, வீட்டுக்குள் அணிந்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கேனும் உறுத்தினால், பிரித்துப் பின்னுவதற்கு அப்போது நேரம் இருக்கும்.