சாவு வீட்டுப் பறையும் சென்னை மேடையும்

டிசம்பர் கடைசி வாரத்தில் சென்னைக்குப் போகும் வேலை இருப்பவர்கள், ஒரு மாலைப் பொழுதைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறோம். மார்கழி என்றால் சபா, கச்சேரி, சபா கேன்டீன் என்றே பத்திரிகைகளில் படித்துப் பழகியிருக்கிறோம். 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி முதல் நேற்று முளைத்த சபா வரை, அந்த மாதம் அவர்களுடையது என்றே ஊரும் நம்பியிருந்தது. இப்போது அதே மார்கழியில் பறையும் கானாவும் ஒப்பாரியும் ராப்பும் மேடை ஏறுகின்றன.

அவற்றில் பெரியது ‘மார்கழியில் மக்களிசை’. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் இதைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மதுரைக்கும் கோவைக்கும் போய்விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். 2023இல் கோலார் தங்கவயலிலும் மேடை போட்டார்கள். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து சுரங்க வேலைக்குப் போன நம் சனங்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் அது. அங்கே போய்ப் பாடியது நல்ல காரியம்.

இந்த மேடைகளைச் ‘சுயாதீன இசை’ என்கிறார்கள், சிலர் ‘அண்டர்கிரவுண்ட்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சினிமாக் கம்பெனியோ சபாவோ அழைக்காமல், பாடுபவர்களே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, இடம் பிடித்து நடத்துவது, அவ்வளவுதான். நம் ஊர்ச் செட்டு எந்தக் காலத்திலும் அப்படித்தானே இருந்தது!

சென்னையில் இதற்குப் பெரிய திருப்பம் 2018 ஜனவரி 6ஆம் தேதி வந்தது. கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் பள்ளி மைதானத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு முதல்முறை பாடியது. இசையமைப்பாளர் டென்மாவும் பா.இரஞ்சித்தும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாப் பாடகர்கள், ராப் பாடும் இளைஞர்கள், பறை, சட்டி, கட்டைமோளம் அடிப்பவர்கள், கிட்டார் வாசிப்பவர்கள் என்று மேடை நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு அணிந்திருந்தார்கள். அந்த உடை யாரை நினைவூட்டுகிறது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது. இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் அவர்கள் பாடினார்கள். அதுவரை மேடையில் இசையாக இவற்றைக் கேட்டறியாத நகரத்துக் கூட்டம் ஆடிக்கொண்டே கேட்டது.

அந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான் அரக்கோணத்து அறிவு. வட சென்னையின் இசைவாணியும் அதே குழு. ஆண்களின் பாட்டு என்றே இருந்த கானாவில் ஒரு பெண் நின்று பாடினார். 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

கானா பிறந்து வளர்ந்ததும் துக்க வீட்டில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த குடும்பங்களில் யாராவது இறந்தால், விடிய விடிய பிணத்தின் அருகே உட்கார்ந்து டோலக் தட்டிப் பாடுவார்கள். இறந்தவரின் வாழ்க்கையே பாட்டாகும். 1990களில் தேவாவின் இசையில் கானா தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. ஆனால் அதைப் பாடி வளர்த்தவர்களின் முகம் வெளியில் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. 2006இல் கானா உலகநாதன் திரையில் தோன்றிப் பாடினார். 2012இல் ‘அட்டகத்தி’ வழியாகக் கானா பாலா எல்லோருக்கும் தெரிந்த பெயரானார். பாட்டு முன்னால் போனது, பாடியவர் பின்னால் மெதுவாக நடந்து வந்தார்.

இங்கே நம் மாவட்டத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கே கேட்பார்: “பறையை மேடையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள், சரி. அதை அடிக்க மாட்டோம் என்று அடிபட்டவர்கள் நாங்கள்தானே?” நியாயமான கேள்வி.

காட்டுமன்னார்கோயில் இளையபெருமாளை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. செத்த மாட்டைத் தூக்குவது, சாவுக்குப் பறையடிப்பது போன்ற வேலைகளை இனி செய்யக் கூடாது என்று தென்னார்க்காட்டுச் சேரிகளில் அவர் இயக்கம் நடத்தினார். மறுத்த குடும்பங்களுக்கு வேலை நின்றது, வழி அடைபட்டது, அடியும் விழுந்தது. பல ஊர்களில் பறையைக் கொளுத்தினார்கள். அப்படிக் கொளுத்தியவரின் பேரன் இன்று கல்லூரிக் கலைவிழாவுக்காகப் பறை வாங்கி வருகிறான். வீட்டில் தாத்தா முகம் சுளிக்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரி. இதைத் தலைமுறைத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது.

அடிப்பது ஒரே தோலைத்தான். ஆனால் நாட்டாமை வீட்டு ஆள் வந்து “சாவு விழுந்திருக்கு, வாங்கடா” என்று தெருமுனையில் நின்று கூப்பிடும்போது, வர முடியாது என்று சொல்லும் வழி இல்லை. கூலி இவ்வளவு என்று பேசும் வழியும் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அடித்தவரின் பெயரை யாரும் கேட்கப்போவதில்லை. மேடை என்பது இந்த மூன்றையும் மாற்றினால்தான் மேடை. மாட்டேன் என்று சொல்ல முடிய வேண்டும், சம்பளம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும், பெயர் அறிவிப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் அதே சாவு வீடுதான்.

சென்னைக்காரர்கள் இதைக் கண்டுபிடித்ததாகவும் நினைக்க வேண்டாம். 1990களில் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்களை நடத்தியது. ‘பரட்டை’ என்ற பெயரில் எழுதிய தியோபிலஸ் அப்பாவு, அந்த வளாகத்தின் வழிபாட்டுக்குள்ளேயே நாட்டார் மெட்டையும் பறையையும் கொண்டு வந்தார். இளையான்குடி பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன், ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டு அவர் குரலில்தான் சேரிகளுக்குள் வந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசான் பல ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுத்தார், 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சென்னையில் புத்தர் கலைக்குழுவின் மணிமாறனும் மகிழினியும் தெருவிலும் வகுப்பறையிலும் இதைச் சொல்லித் தருகிறார்கள். இத்தனை பேர் போட்ட பாதையில்தான் இன்றைய மேடை நிற்கிறது.

சபா இசையும் தன் பங்குக்கு வெளியே வந்து பார்த்தது. 2015இல் டி.எம்.கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் நண்பர்களும் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் மீனவர் குப்பத்தில் ஒரு விழா தொடங்கினார்கள். சபாக் கச்சேரி குப்பத்துக் கடற்கரைக்கு வந்தது. நல்ல முயற்சி, குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் குப்பத்துக்குச் சங்கீதம் வருவதும், குப்பத்துப் பாட்டு தானே மேடை கட்டிக்கொள்வதும் ஒன்றல்ல. இந்தப் பத்தியின் விருப்பம் இரண்டாவதன் பக்கம்.

பெயருக்கு வருவோம். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் உருவானது. உலகமே கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டையும் சேர்த்துப் பேசிய அட்டைப்படத்தில் அறிவு இல்லை. பா.இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்ட பிறகு அறிவை வைத்துத் தனியாக ஓர் இணைய அட்டையை வெளியிட்டார்கள். 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டபோதும் அவர் மேடையில் இல்லை, மறுபடியும் விவாதம் எழுந்தது. பணத்தின் கதை இன்னும் விநோதம். அந்தப் பாட்டிலிருந்து அதுவரை தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டின் நிலை இது என்றால், நம் தெருவில் செல்போனில் பாடிப் பதிவேற்றும் பையனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பாடும் பிள்ளைகள் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, பதிவாகும் பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தனி உரிமைகள் உண்டு. “ஒரு வாய்ப்பு தருகிறோம் தம்பி, இதில் கையெழுத்துப் போடு” என்று நீட்டப்படும் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து, தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பொதுவான நாட்டார் மெட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அதில் நீங்கள் புதிதாக எழுதிய வரிகள் உங்களுடையவை. எழுதிய தேதியோடு ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரிக்கு அழைத்தால் சம்பளம், வண்டிச் சத்தம், சாப்பாடு, தங்குமிடம் நான்கையும் முதலிலேயே பேசி அச்சாரம் வாங்குங்கள். நகரத்துச் சின்ன மேடைகளில் பணம் இல்லை என்பது பல நேரம் உண்மைதான். ஐம்பது பேர் வரும் அறையில் என்ன பெரிதாக வசூலாகிவிடும்? அப்போதும் கிட்டார் வாசிப்பவருக்குக் கொடுப்பதைப் பறை அடிப்பவருக்கும் கொடுக்கிறார்களா என்று கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிறவர்கள் மேடைக்குப் போகாமலிருப்பதே மேல்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில தகவல்கள். பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்கலாம், அல்லது பக்கத்தில் வண்டலூரிலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் போகலாம். விருத்தாசலம், விழுப்புரத்திலிருந்து ரயிலில் நேராக எழும்பூரில் இறங்குவது இன்னும் சுலபம். மியூசியம் தியேட்டர் எழும்பூர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு, கோட்டை நிலையத்தில் இறங்கினால் போதும். மக்களிசைக்கு எந்த அரங்கம், எந்தத் தேதி, முன்பதிவு உண்டா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீலம் பக்கத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். எழும்பூரில் நீலம் புத்தகக் கடையும் இருக்கிறது, சின்னச் சின்னக் கூட்டங்களும் அங்கே நடக்கும். நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், கதே நிறுவனம் இரண்டிலும் அவ்வப்போது இசை நிகழ்ச்சிகள் உண்டு. நிகழ்ச்சி முடிய இரவு 9, 10 மணி ஆகிவிடும். திரும்பும் ரயிலை முதலிலேயே பார்த்துவையுங்கள். பெண் பிள்ளைகள் நான்கு பேராகச் சேர்ந்து போவது நல்லது.

மார்கழியில் முடியாதவர்கள் பொங்கலுக்குப் போகலாம். 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மறுபடி தொடங்கிய ‘சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா’வில் பூங்காக்களிலும் கடற்கரையிலும் பல மாவட்டக் கலைஞர்கள் ஆடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. அது அரசு நடத்துவது, சுயாதீனம் அல்ல. ஆனால் நம் ஊர்ச் செட்டு சம்பளத்தோடு மேடை ஏறுவதை அங்கே பார்க்கலாம். ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி நீலம் நடத்தும் ‘வானம்’ கலைத் திருவிழாவும் உண்டு.

அரங்கத்தில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். ஏ.சி. அறையில் மாட்டுத்தோல் பறை தொய்ந்துவிடும். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை யாராவது வெளியே ஓடி, சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி வர வேண்டும். அந்தத் தொல்லைக்காகவே பலர் ஃபைபர் பறைக்கு மாறிவிட்டார்கள். சத்தம் கணீரென்று இருக்கும், ஆனால் தோலின் அடித்தொண்டைக் குரல் அதில் வராது. இரண்டையும் ஒரே இரவில் கேட்க வாய்த்தால் வித்தியாசம் புரியும்.

ஊரில் செட்டு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக இரண்டு விஷயம். சாவுக்கு அடிக்கச் சொல்லியோ, குழி வெட்டச் சொல்லியோ கட்டாயப்படுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் உங்கள் பக்கம் இருக்கிறது. கட்டாய வேலை வாங்குவதும், பிணம் சுமக்க, குழி வெட்ட வைப்பதும் அதில் குற்றம். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். செட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக உறுப்பினராகப் பதிய வேண்டும், செட்டுத் தலைவர் மட்டும் பதிந்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பொங்கல் விழாவுக்குக் குழுக்களைத் தேர்வு செய்யும் அறிவிப்பு கலை பண்பாட்டுத் துறையிடமிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவும் வரும். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள்.