மானியம் முடிந்த பிறகு

நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் ஒரு பகுதி, அறக்கட்டளைகள் வழியே கல்வித் தொண்டு நிறுவனங்களுக்கு மானியமாகிறது.

அப்படியொரு மானியத்தில் எங்கள் பள்ளிக்குத் தன்னார்வலர் ஒருவர் வந்தார். எழுத்துக்கூட்டத் திணறிய நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கதைப் புத்தகம் கேட்கத் தொடங்கினர். மானியக் காலம் முடிந்ததும் அவர் வரவில்லை. "அக்கா எப்ப வருவாங்க டீச்சர்?" என்றார்கள். அவர் வகுப்பெடுத்தபோதெல்லாம் நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தொடக்கத்திலேயே மானியம் எத்தனை ஆண்டு எனக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதுங்கள். உடன் அமர்ந்து அந்த முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் போனபின்பும் நாம்தான் அந்த வகுப்பில் இருப்போம்.