முதல்-மந்திரிக்கு அடுத்தவர்!

முதல்-மந்திரி இல்லாவிட்டால், அந்தப் பதவி துணை முதல்-மந்திரிக்குத் தானாகவே வந்துவிடுமா?

வராது!

நமது அரசியல் சட்டத்தில் "துணை முதல்-மந்திரி" என்ற பெயரே கிடையாது. முதல்-மந்திரியைக் கவர்னர் நியமிக்கிறார். முதல்-மந்திரியின் யோசனைப்படி மற்ற மந்திரிகளை நியமிக்கிறார். அவ்வளவுதான்.

வெறும் பட்டமா?

சட்டப்படி, துணை முதல்-மந்திரியும் ஒரு மந்திரியே. தனி அதிகாரம் இல்லை. தமக்கு ஒதுக்கிய இலாகாக்களைக் கவனிப்பார். இந்தப் பதவி அரசியல் சட்டத்துக்கு விரோதம் அல்ல என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

அப்படியானால் பதவி எதற்கு? "இவரே இரண்டாமவர்" என்று ஊருக்குக் காட்டத்தான். கூட்டணிக் கட்சியைத் திருப்திப்படுத்தவும் கொடுப்பார்கள். 2019-ல் ஆந்திராவில் ஒரே சமயத்தில் 5 பேர் துணை முதல்-மந்திரிகள்! தமிழ்நாட்டில் முதன் முதலாக 2009-ல் மு.க.ஸ்டாலின் இப்பதவியைப் பெற்றார்.

வாசல் வரை வந்த பதவி

அதற்கு முன்பு பட்டம் இல்லாமலே இரண்டாமவராக இருந்தவர் நெடுஞ்செழியன்.

1969 பிப்ரவரி 3-ந் தேதி அண்ணா காலமானார். நெடுஞ்செழியன் தற்காலிக முதல்-மந்திரி ஆனார். ஒரு வாரம்தான்! அடுத்து மு.கருணாநிதி முதல்-மந்திரி ஆனார்.

1987 டிசம்பர் 24-ந் தேதி எம்.ஜி.ஆர். மறைந்தார். மீண்டும் நெடுஞ்செழியனே தற்காலிக முதல்-மந்திரி. 1988 ஜனவரியில் ஜானகி அம்மாள் பதவி ஏற்றார்.

இரண்டு முறையும் கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை!

நாற்காலியைத் தருவது பட்டம் அல்ல. சட்டசபையில் உள்ள பெரும்பான்மை. அந்தப் பெரும்பான்மையைத் தருவது உங்கள் ஓட்டு!