உறுதி கூறும் மின்னஞ்சல்

தபாற் கந்தோரில் பதிவுத் தபால் ஒன்றை ஒப்படைத்தால், எழுத்தர் சிறு பற்றுச்சீட்டு ஒன்றைத் தருகிறார். அதில் அச்சிட்ட வாசகம் எல்லோர்க்கும் ஒன்றே. இலக்கம், திகதி முதலிய வெற்றிடங்களை மட்டுமே அவர் நிரப்புகிறார். இணையத்தளத்தில் நாம் புகையிரத ஆசனம் ஒன்றைப் பதிவு செய்ததும் வந்துசேரும் மின்னஞ்சலும் இத்தகைய பற்றுச்சீட்டே ஆகும். ஆனால் இங்கே எழுத்தர் இலர், கணினியே எழுதுகிறது. அவ்வெழுத்தை நாம் எவ்வளவு நம்பலாம்? நேயர்களே, இதனையே இன்று ஆராய்வோம்.

முதற்கண் வேண்டப்படுவது மாதிரிக் கடிதம். இதனை வார்ப்புரு என்பர். மாறாத வாசகத்தினிடையே, பெயர், பதிவிலக்கம், தொகை ஆகியவற்றுக்குக் குறியிடங்கள் விடப்பட்டிருக்கும். கணினி தன் பதிவேட்டிலிருந்து விவரங்களை எடுத்து அவ்விடங்களை நிரப்பும். எளிய வேலைதான்; எனினும் இதிலும் இடறல் உண்டு. மேனாட்டு வழக்கப்படி அமைந்த வார்ப்புரு முதலில் நிற்கும் பெயரையே ஒருவரின் சொந்தப் பெயராகக் கொள்ளும். நம்மவரிற் பலர் தந்தையின் பெயரை முன்னே எழுதுவர். ஆகவே, மகளுக்கு எழுதிய மடல் தந்தையை விளிக்கின்றது! பெயரை முழுமையாக எழுதுவதோ, எவ்வாறு விளிக்கலாம் என அவரையே கேட்பதோ இதற்குப் பரிகாரமாகும்.

இதனினும் பெரியது வரிசைமுறை. ஆசனம் பதிவேட்டில் ஏறுமுன் மடல் புறப்பட்டுவிட்டால் நேர்வது யாது? பின்னர் பதிவு தவறினும் மடல் பொய்யாய் நிற்கும். அதை நம்பிப் பயணி பெட்டியுடன் நிலையத்துக்கு வருவார், ஆசனமோ இராது. மறுபுறம், பதிவு நிறைவேறி மடல் மட்டும் தவறினால், அவர் ஐயுற்று மறுமுறையும் பணஞ் செலுத்தக்கூடும்.

இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கும் வழி ஒன்றுண்டு. ஆசனப் பதிவையும், 'மடல் அனுப்பவேண்டும்' என்ற குறிப்பையும் ஒரே செயலாகப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். ஒன்று தவறின் மற்றதும் நில்லாது. பின்னர் வேறொரு நிரல் அக்குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடல்களை அனுப்பும். இயலாதவிடத்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். இதனால் ஒரு மடல் இருமுறை போகவுங் கூடும். இரண்டிலும் ஒரே பதிவிலக்கம் இருப்பின், அதனாற் பெருங் கேடில்லை.

மடல் புறப்பட்டதும் கடமை முடிந்ததா? மின்னஞ்சற் போக்குவரத்துக்கான விதிகள் 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, மடலைப் பெறும் கணினி 250 என்னும் எண்ணை விடையாக அளிக்கும். 'ஏற்றுக்கொண்டேன்' என்பதே அதன் பொருள். உரியவர் படித்தார் என்பதன்று. முகவரியில் ஓர் எழுத்துப் பிழைத்தால் மடல் வேறொருவர் கைக்குப் போகலாம். அன்றி, வேண்டா அஞ்சல்களின் குவியலிற் கிடக்கலாம். ஆதலின், பதிவு முடிந்தவுடன் பதிவிலக்கத்தைத் திரையிலும் காட்டுதல் இன்றியமையாதது.

போலி மடல்கள் மலிந்த காலம் இது. மடல் மெய்யாகவே அந்நிறுவனத்திலிருந்து வந்ததா என்பதை அறிய, பெறும் கணினி அதிலுள்ள மறைக்குறியீட்டு ஒப்பத்தைச் சோதிக்கின்றது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல், பெருந்தொகையாக மடல் அனுப்புவோர்க்கு இத்தகைய சான்றுகளை கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்கள் கட்டாயமாக்கின. ஆயினும் ஒப்பம் அனுப்பியவரையே அடையாளங் காட்டும். மடலில் உள்ளது உண்மை என்பதற்கு அது பிணையாகாது.

பழைய எழுத்தர் பொதியைக் கையிற் பெற்ற பின்னரே பற்றுச்சீட்டில் முத்திரை குத்தினார். நிரல் எழுதுவோரும் அவ்வொழுங்கை மறவாதிருப்பின், கணினியின் சொல்லை நாமும் நம்பலாம்.