ஐயப்படுதலும் ஆராய்தலும்

ஒரு பிள்ளை காணாமற்போவதும், கடத்தியவரின் பிடியிலிருந்து அப்பிள்ளை தப்பி வருவதும் ஒரு குடும்பத்திற்கு நேரும் நிகழ்ச்சிகள். அவற்றைப் பற்றி எழும் பேச்சோ ஊர் முழுவதற்கும் உரியதாகிவிடுகிறது. உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலும், நடவு வயலிலும், இற்றைநாளில் கைபேசித் திரையிலும் அப்பேச்சு நடைபெறுகிறது. கொண்டு போனவன் யார், துணை நின்றவர் யார், பிள்ளை இத்தனை நாள் எங்கே இருந்தது என்று வினாக்கள் எழுகின்றன. விடை தெரியும்வரை காத்திருக்கும் பொறுமை பலருக்கும் இருப்பதில்லை. இப்பேச்சு, தப்பி வந்த பிள்ளைக்கும் ஐயத்திற்கு ஆளானவருக்கும் என்ன செய்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மொழி பயில்வோர் ஆதலின் சொற்களிலிருந்தே தொடங்குவோம்.

'சிறுமி மாயம்' என்பது நம் நாளிதழ்களில் நாம் அடிக்கடி காணும் தலைப்பு. அச்சொல்லில் கொண்டு சென்றவர் என எவரும் இல்லை. பிள்ளை தானே காற்றில் கரைந்தது போன்ற தோற்றமே உள்ளது. 2013ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு நிலையை வகுத்தது. காணாமற்போன சிறாரைப் பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்றும், மறுதலையான சான்று கிடைக்கும்வரை அதனைக் கடத்தலாகவோ ஆள்வணிகமாகவோ கருதியே விசாரிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 'மாயம்' என்ற சொல்லைச் சட்டம் ஏற்கவில்லை எனலாம்.

பதின்பருவப் பெண்ணாயின் ஊர் வேறொரு சொல்லை வைத்திருக்கிறது: 'ஓடிப்போனாள்.' இச்சொல் செய்யும் தீங்கு பெரிது. பதினெட்டு வயது நிறையாத ஒரு பெண்ணை, அவருடைய பாதுகாவலரின் இசைவின்றி ஆசைகாட்டி அழைத்துச் செல்லுதலும் கடத்தலே என்பது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் உள்ளது. பிள்ளையின் இசைவு அங்கே இசைவாகாது. ஊரார் 'ஓடிப்போனாள்' என்று கூறும்போது, சட்டம் யாரைக் குற்றத்தின் இலக்கு என்று காண்கிறதோ அவளையே குற்றத்தின் எழுவாயாக ஆக்கிவிடுகின்றனர். இலக்கணம் கற்றோர் இதனை எளிதில் உணர்வர்.

பிள்ளை திரும்பிய பின் வரும் சொல் 'மீட்பு'. 'சிறுமி மீட்கப்பட்டார்' என்பது செயப்பாட்டு வினை. காவலர் கதவை உடைத்து மீட்டிருப்பின் அது பொருந்தும். பிள்ளை தானே தப்பி வந்திருப்பின்? அப்போதும் பழக்கம் காரணமாக அதே வினையே அச்சேறுகிறது.

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாரன் என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததை இங்கே கருதிப் பார்க்கலாம். 2018 அக்டோபர் 15 அதிகாலையில் ஒருவன் ஒரு வீட்டினுள் நுழைந்து, தாயையும் தந்தையையும் சுட்டுக் கொன்று, பதின்மூன்று வயது மகளைக் கடத்திச் சென்றான். (அப்பெண்ணின் பெயரை உலகமே அறியும். எனினும் அன்று அவள் சிறுமி என்பதனால் ஈண்டு எழுதவில்லை.) ஊரார் ஆயிரக்கணக்கில் திரண்டு வயல்வெளிகளைச் சல்லடையிட்டுத் தேடினர். மக்களிடையே ஊகங்கள் பலவாறு எழுந்தன. 88 நாள்கள் கழிந்தன. 2019 சனவரி 10ஆம் நாள், கடத்தியவன் வெளியே சென்றிருந்த நேரத்தில், அவன் தன்னை அடைத்து வைத்திருந்த கட்டிலடியிலிருந்து தடைகளைத் தள்ளிக்கொண்டு வெளிவந்து, உறைபனியில் நடந்து, நாயுடன் உலா வந்த ஓர் அம்மையாரிடம் தன் பெயரைச் சொன்னாள் அச்சிறுமி. அவளே அவன் பெயரையும் வண்டியின் அடையாளத்தையும் கூறினாள். சற்று நேரத்தில் காவலர் அவ்வண்டியை மறித்தனர். அவன் அக்குடும்பத்திற்கு முற்றிலும் அயலான். அவள் பள்ளிப் பேருந்தில் ஏறுவதை ஒரு நாள் பார்த்தவன், அவ்வளவே. மூன்று மாதப் பேச்சில் அவன் பெயர் எவர் வாயிலும் வரவில்லை. பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான்.

கண்டுபிடிக்கத் துணைபுரிவோர்க்கு என அறிவிக்கப்பட்டிருந்த பரிசுத்தொகையில், அவளுடைய பெற்றோர் பணிபுரிந்த நிறுவனம் தன் பங்காக வைத்திருந்த 25,000 டாலரை அச்சிறுமிக்கே வழங்குவதாக அறிவித்தது. மீட்டவர் யாரோ அவருக்கே பரிசு; மீட்டவள் அவளே. நம் செய்தித் தலைப்புகளைவிட அந்நிறுவனத்தார் இலக்கணம் அறிந்தவர் போலும்.

தப்பி வந்தவரிடம் ஊர் கேட்கும் முதல் வினா, 'ஏன் முன்னரே தப்பவில்லை?' என்பது. ஆஸ்திரிய நாட்டின் நடாஷா கம்புஷ், 1998 மார்ச் 2ஆம் நாள் வியன்னா நகரில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பத்து வயதில் கடத்தப்பட்டவர். எட்டாண்டுகளுக்கு மேல் நிலவறையில் வைக்கப்பட்டிருந்தார். 2006 ஆகஸ்ட் 23 அன்று, தோட்டத்தில் காரைத் தூய்மை செய்துகொண்டிருந்தபோது கடத்தியவனுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது; இயந்திர ஓசைக்கு அஞ்சி அவன் சற்று விலகி நின்ற அந்த இடைவெளியில் ஓடித் தப்பினார். அப்போது அவருக்கு வயது 18. கடத்தியவன் அன்றே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். முதல் சில நாள்கள் உலகம் இரங்கியது. பின்னர், அவனுடன் வெளியே சென்ற நாள்களும் இருந்தன என்பது தெரியவந்ததும், அவன் இறப்புக்கு அவர் வருந்தினார் என்பது தெரியவந்ததும், இரக்கம் ஐயமாகத் திரிந்தது. தண்டிப்பதற்குக் குற்றவாளி உயிருடன் இல்லாத நிலையில், மக்களின் சினம் உயிருடன் இருந்தவர் மீது திரும்பியது என்றே நாம் கருதுகிறோம். 2010இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார்; தலைப்பு '3096 நாள்கள்'. பிறர் எண்ணத் தவறியதை அவர் எண்ணி வைத்திருந்தார்.

இனி ஐயத்திற்கு ஆளானவரைக் காண்போம். சந்தேகத்திற்குரியவர், குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றவாளி ஆகிய மூன்றும் மூன்று நிலைகள். முதலாவது காவல் நிலையத்தோடு நிற்பது. இரண்டாவது நீதிமன்றப் படி ஏறுவது. மூன்றாவது தீர்ப்பிற்குப் பின்னரே பிறப்பது. அன்றாடப் பேச்சில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. அதனினும் நுட்பமானது தமிழின் வினைமுற்று. நேற்றுவரை 'வந்தார்' என்று சொல்லப்பட்ட ஒருவர், காவலர் அழைத்து விசாரித்த மறுகணமே 'வந்தான்' ஆகிறார். ஆர் விகுதி ஆன் விகுதியாக மாறும் அந்த ஓர் எழுத்தில் வழக்கும் விசாரணையும் தீர்ப்பும் முடிந்துபோகின்றன. பாரனில் குற்றம் செய்தவனை மேலே 'அவன்' என்று எழுதினோம். அவன் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன் என்பதே காரணம்.

விகுதி மாற்றத்தோடு நில்லாமல் கைகள் நீண்டதும் உண்டு, அதுவும் நமக்கு அண்மையிலேயே. 2018ஆம் ஆண்டு மே மாதம் வடதமிழக மாவட்டங்களில், பிள்ளை பிடிப்போர் கும்பலாக இறங்கியுள்ளனர் என்ற செய்தி கைபேசிகளில் பரவியது. அம்மாதம் 9ஆம் நாள், நம் மாவட்டத்தை அடுத்த திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியைக் கேட்பதற்காக ஒரு குடும்பத்தார் காரை நிறுத்தினர். சென்னையிலிருந்து வந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் கொடுத்துப் பிள்ளை பிடிப்பவர் என்ற ஐயம் எழுந்தது. திரண்ட கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே நாள்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இவ்வாறே அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். இவ்விரண்டு நிகழ்ச்சியிலும் கடத்தப்பட்ட பிள்ளை என்று எவருமில்லை.

அவ்வாண்டில் இந்தியா முழுவதும் சுற்றிய ஒரு காணொளியின் வரலாறு நோக்கத்தக்கது. இருசக்கர வண்டியில் வந்தோர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி அது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளைக் கவனமாகக் காக்குமாறு பெற்றோரை அறிவுறுத்த நடிகரைக் கொண்டு எடுக்கப்பட்ட விளம்பரப் படம். அதன் இறுதியில் குழந்தை திருப்பி விடப்படுகிறது. அறிவுரை எழுதிய அட்டையும் காட்டப்படுகிறது. அவ்விறுதிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டனர். ஈற்றடியை நீக்கிப் பாட்டின் பொருளை மாற்றுவதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

ஐயப்பட்டவரைச் சுற்றி நின்று கூட்டம் எவ்வாறு பேசும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை முன்னரே காட்டியிருக்கிறது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுக்குரியதாக இல்லை என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் உடனே கள்வர்தம் திறம் பற்றி ஓர் உரையே நிகழ்த்துகிறான்: மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என அவன் அடுக்கும் துணைகள் எட்டு. அதனைக் கேட்ட ஓர் இளையோன், தான் முன்பு இருளில் எதிர்கொண்ட வேறொரு கள்வனின் கதையைக் கூறுகிறான். இவ்வுரையாடல் முழுவதிலும் கோவலனைப் பற்றிய செய்தி ஒன்றேனும் இல்லை என்பதை மாணவர்கள் ஊன்றிக் காண வேண்டும். பேசப்படுவன எல்லாம் பொதுவான கள்வரும் வேறு கள்வரும். பேச்சின் சூடு ஏறிய நிலையில், கல்வியறிவற்ற, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று பார்த்திருந்தால் போதும். பார்க்கும் வழி இருந்தது, எவரும் பார்க்கவில்லை. மதுரைத் தெருவில் நின்ற அக்கூட்டத்திற்கும் போளூரில் நின்ற கூட்டத்திற்கும் எவ்வேறுபாடும் நமக்குத் தென்படவில்லை.

அவ்வாறாயின் ஊர் வாய்மூடி இருக்க வேண்டுமா? அதுவும் பொருந்தாது. 2002 சூன் 5 அன்று அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் எலிசபெத் ஸ்மார்ட் என்ற பதினான்கு வயதுப் பெண் படுக்கையறையிலிருந்து கடத்தப்பட்டார். (பிற்காலத்தில் அவரும் தம் கதையைத் தாமே எழுதியவர்.) முன்பு அவ்வீட்டில் வேலை செய்தவரும், பழைய குற்றப் பதிவுகள் உடையவருமான ஒருவர் மீது ஐயம் விழுந்தது. வேறு காரணம் காட்டிச் சிறையில் வைக்கப்பட்ட அவர், ஆகஸ்டு இறுதியில் மூளையில் குருதி கசிந்து இறந்தார். இவ்வழக்கில் அவர் குற்றமற்றவர் என்பது பின்னரே தெளிந்தது. கடத்தலை நேரில் கண்டவர் ஒருவரே: அதே அறையில் படுத்திருந்த ஒன்பது வயதுத் தங்கை. சில மாதம் கழித்து அச்சிறுமி, ஒரு நாள் மட்டும் வீட்டு வேலைக்கு வந்து சென்ற வேறொருவரை நினைவுகூர்ந்தாள். புலனாய்வாளர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை, குடும்பத்தார் கொண்டனர். அவன் உருவம் வெளியிடப்பட்டது. 2003 மார்ச் 12 அன்று வழிப்போக்கர் சிலர் அவனை அடையாளம் கண்டு காவலர்க்குத் தெரிவித்தனர். எலிசபெத் உயிருடன் கிடைத்தார். ஊராரின் கண்கள் உதவின என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு குழந்தையின் சொல் முதலில் வந்தது, படம் அதன் பின் வந்தது, ஊர் அதற்கும் பின் வந்தது. இவ்வரிசை மாறிய இடத்தில்தான் குற்றமற்ற ஒருவர் சிறையில் இறந்தார்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வரிசையை வகுத்துள்ளது. சிலவற்றைப் பெற்றோரும் பெரியோரும் அறிந்திருத்தல் நலம். பாலியல் குற்றம் தொடர்பான வழக்காயின், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, பிள்ளையின் வாக்குமூலம் அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அலுவலரால், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலரால், பெற்றோரோ பிள்ளையின் நம்பிக்கைக்குரியவரோ உடனிருக்கப் பெறப்பட வேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்தல் கூடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குற்றத்திற்கு ஆளான அல்லது சாட்சியான சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலியவற்றை வெளியிடுவதைத் தடுக்கிறது. இதழ்களோடு நில்லாமல் 'பிற தொடர்பு வடிவங்கள்' என்றும் அப்பிரிவு கூறுவதால், நம் கைபேசியும் அதில் அடங்கும். மீறினால் ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உதவிக்கு 1098 என்ற எண் உள்ளது.

ஐயத்திற்குரியவரின் படத்தைப் பரப்புவது பிள்ளைக்குச் செய்யும் உதவி என்று பலர் நல்லெண்ணத்தோடு நம்புகின்றனர். கடத்தியவர் முன்பின் அறியாதவராயின், நீதித்துறை நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்தப்படும். ஒத்த தோற்றமுடைய பலருக்கிடையே அவரை நிறுத்தி, பிள்ளையைச் சுட்டிக் காட்டச் சொல்வர். அதற்கு முன்னரே அவர் படம் பிள்ளையின் கண்ணில் பட்டிருந்தால், பிள்ளை நினைவிலிருந்து காட்டியதா, படத்திலிருந்து காட்டியதா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவுவார். அவ்வணிவகுப்பின் மதிப்பு போய்விடும் என்பது நீதிமன்றங்கள் பலமுறை கூறிய கருத்து. ஆகவே குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பதாக எண்ணிப் படம் அனுப்பியவர், அவர் விடுதலையாவதற்கு வழி செய்தவராகவும் ஆகலாம்.

பிள்ளையின் கையைக் கொண்டு உண்மையை எடுக்கும் முறை நம் ஊருக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பிக்க வேண்டும். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று, பெயரை உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமாரும் அதனைப் படித்த பின்னரே அப்பெயர் எழுதப்படும். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் அவ்வெழுத்துகள் இன்றும் உள்ளன. சிறுவன் ஓலையை எடுக்கும்வரை எவரும் ஒரு பெயரைச் சொன்னதாக அக்கல்லில் இல்லை.